தண்ணிய அடிக்காத, பிடி: வயது வந்த பின் நீச்சலைத் திருத்திக்கொள்வது எப்படி?

இலங்கைத்துறை முகத்துவாரத்தில், களப்பின் உட்புறமாக, நெஞ்சளவு தண்ணீரில் பெரியப்பா இரண்டு கம்புகளை நட்டார். இடைவெளி ஏறத்தாழ 25 மீற்றர். "இஞ்சயிருந்து அங்க போ பிள்ள. எத்தின தரம் கைய வீசுறாய் எண்டு எண்ணிக்கொண்டு போ" என்றார்.

38 தடவை வீசினேன். மற்றக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பேச மூச்சில்லை. எழுபதை நெருங்கும் பெரியப்பா அதே தூரத்தை ஒருபக்கமாகச் சரிந்து, ஊர்க்கதை சொல்லிக்கொண்டே, 22 வீச்சில் கடந்து வந்தார். அவர் என்னைவிட வேகமாக வரவில்லை. ஆனால் களைக்கவேயில்லை.

"நீ போற தூரத்துக்கு இவ்வளவு அடி தேவையில்ல. தண்ணிய அடிக்காத, பிடி" என்றார்.

அப்போது எனக்கு வயது 32. அதற்கு முந்திய ஆண்டுதான் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியின் தடாகத்தில் நீச்சல் பழகியிருந்தேன். கை, கால் அடித்து முன்னே போகத் தெரிந்தது. அதை நீச்சல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் பயிற்றுநர் அல்ல. பிந்திக் கற்றுக்கொண்ட ஒரு பத்திரிகையாளர். என்னைப் போல ஓரளவு நீந்தத் தெரிந்து, சிறிது தூரத்திலேயே களைத்துப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

கடற்கரையில் பிறந்தும் ஏன் பிந்தினோம்?

இலங்கைத்துறை, திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், ஈச்சிலம்பற்றுப் பக்கமாக, களப்பு கடலோடு சேருமிடத்தில் இருக்கின்றது. மூன்று பக்கம் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தானாக வரும் என்றுதான் வெளியூரார் நினைப்பார்கள். எங்கள் தலைமுறைக்கு அது வரவில்லை. போர்க்காலத்தில் கடற்றொழிலுக்குப் போவதற்கே அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் இருந்தன. விளையாட்டுக்காக யார் பிள்ளையைக் கடலில் இறக்குவார்?

2004 டிசம்பர் 26 இல் எனக்கு 13 வயது. அன்று சித்தியை இழந்தோம். அதன் பின்னர் அம்மா கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். 2006 இல் மாவிலாற்றுப் பக்கம் சண்டை தொடங்கியதும் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும், பிறகு வாகரைக்கும் போனோம். தண்ணீர் என்றால் ஆளை எடுப்பது, அல்லது ஓடித் தப்பக் கடக்கவேண்டியது. எனக்குத் தெரிந்த தண்ணீர் இந்த இரண்டும்தான். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்களுக்கும், நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

இந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கின்றது. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பு, இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்ததைச் சுட்டிக்காட்டியது. ஆண்களுக்கு நீந்தவும் மரம் ஏறவும் தெரிந்திருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. சுனாமி அலையை நீந்தி வெல்ல முடியாது என்பது உண்மை. நல்ல நீச்சற்காரரும் அன்று போனார்கள். ஆனால் அலை ஓய்ந்த பின் தேங்கி நின்ற தண்ணீரில் மிதக்கத் தெரிந்தவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். அங்கே தேவைப்பட்டது பாலமும் பாதுகாப்பான படகும்தான். நீச்சல் அவற்றுக்கு மாற்றீடு ஆகாது. ஆனால் பாலம் வரும்வரை, தண்ணீரில் சில நிமிடங்கள் பதற்றமில்லாமல் இருக்கத் தெரிவது நம் கையில் உள்ள ஒரு காப்பு.

51 மணித்தியாலத்துக்கு எந்தப் பலமும் போதாது

தமிழருக்கு நீச்சல் அந்நியமான கலையல்ல. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையை அடைந்தார். அதற்கு அவருக்குச் சுமார் 27 மணித்தியாலங்கள் எடுத்தன. 'ஆழிக்குமரன்' என்று நாம் அழைக்கும் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். எடுத்த நேரம் 51 மணித்தியாலங்கள். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார்.

51 மணித்தியாலம் என்பது இரண்டு பகலும் இரண்டு இரவும். அவ்வளவு நேரம் தண்ணீரோடு சண்டை பிடிக்கும் பலம் எந்த மனிதருக்கும் கிடையாது. ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தெரிந்ததால்தான் அது இயன்றது. பெரியப்பா 22 வீச்சில் செய்ததும் அந்த மிச்சம் பிடித்தல்தான்.

தண்ணீரின் கணக்கு

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் முன்னே போகும் உடலைத் தண்ணீர் பின்னே தள்ளுகின்றது. இந்த எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகத்தை இரு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதற்கு நீங்கள் கொடுக்கவேண்டிய வலு எட்டு மடங்காகும்.

பலத்தைக் கூட்டி நீந்த நினைப்பவர் விரைவில் களைப்பது இதனால்தான். நன்கு பயின்ற வீரர்கூட நீந்தும்போது செலவிடும் சக்தியில் பத்திலொரு பங்குக்கும் குறைவானதையே முன்னே போவதாக மாற்றுகின்றார். புதிதாகப் பழகுபவரின் பங்கு இன்னும் குறைவு. மீதியெல்லாம் சூடாகவும் நுரையாகவும் போய்விடுகின்றது. ஆகவே இஞ்சினைப் பெரிதாக்குவதைவிட வள்ளத்தின் அடிப்பாகத்தைச் சீராக்குவதே முதல் வேலை. இது நம் கடற்றொழிலாளர் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

வளர்ந்தவர்களுக்கு நீச்சல் கற்பித்த அமெரிக்கப் பயிற்றுநர் டெரி லாஃப்லின், முதலில் சமநிலை, பிறகு எதிர்ப்பைக் குறைத்தல், கடைசியாகத்தான் உந்துதல் என்ற ஒழுங்கை வைத்தே தன் முறையை உருவாக்கினார். கீழே வருவதும் ஏறத்தாழ அந்த ஒழுங்குதான். எல்லாம் கவிழ்ந்து நீந்தும் சுயபாணி நீச்சலுக்கானவை.

முதலாவது: மூச்சை வெளியே விடுங்கள்

வளர்ந்தவர்கள் களைப்பதற்குப் பெரும்பாலும் கை, கால் காரணமல்ல, மூச்சுத்தான். முகம் தண்ணீருக்குள் போனதும் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றோம். பிறகு தலையைத் தூக்கியதும் பழைய காற்றை வெளியே விட்டு, புதிய காற்றை உள்ளே எடுக்க, இரண்டையும் ஒரே கணத்தில் செய்யப் பார்க்கின்றோம். நேரம் போதாது. "காற்றுப் போதவில்லை" என்று நினைக்கின்றோம். உண்மையில் மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் ஒக்சிசன் குறைவதால் வருவதில்லை. உள்ளே தேங்கும் காபனீரொட்சைட்டினால் வருகின்றது.

இதற்கு மருந்து, முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்காலும் வாயாலும் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பது. அப்படிச் செய்தால் வாய் மேலே வரும்போது உள்ளே எடுப்பது மட்டுமே வேலை.

பழகும் முறை: இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, முகத்தை உள்ளே வைத்து ஐந்து எண்ணும்வரை குமிழி விடுங்கள். நிமிராமல், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை எடுங்கள். திரும்ப உள்ளே. இடைவிடாமல் 20 தடவை செய்யும்போதும் பதற்றம் வராவிட்டால்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும். எனக்கு இதற்கே இரண்டு கிழமை எடுத்தது.

நீந்தும்போது மூச்சுக்காகத் தலையைத் தூக்காதீர்கள். உடல் பக்கமாக உருளும்போது அதனோடு தலையும் திரும்பட்டும். ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருந்தால் அளவு சரி.

ஓர் எச்சரிக்கை: வேகவேகமாகப் பல ஆழ்ந்த மூச்சுகள் எடுத்துவிட்டு நீருக்கடியில் தம் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மயக்கம் வந்துவிடும். நீருக்குள் மயங்கினால் அது மரணம்.

இரண்டாவது: தலையைக் கீழே, இடுப்பை மேலே

மனித உடலில் மிதவை நெஞ்சில் இருக்கின்றது. நுரையீரலில் காற்று உள்ளது. கால்கள் பாரமானவை, கீழே போகும். துலாவைப் போல, ஒருபக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழும். நாலைந்து கிலோ பாரமுள்ள தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். பிறகு நீங்கள் நீந்துவதில்லை, மலையேறுகின்றீர்கள்.

பார்வை முன்னே இருக்கக்கூடாது. நேர் கீழே, நிலத்தைப் பார்க்கவேண்டும். பிடரி நீண்டு, முதுகெலும்போடு ஒரே கோட்டில் இருக்கட்டும். நெஞ்சைச் சற்றுக் கீழே அழுத்துங்கள். இடுப்பு தானாக மேலே வருவதை உணர்வீர்கள். நான் இந்த ஒன்றைத் திருத்தியதிலேயே 38 வீச்சு 32 ஆகிவிட்டது.

பழகும் முறை: நெஞ்சளவு தண்ணீரில் மூச்சை எடுத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்து உருண்டையாக மிதந்து பாருங்கள். முதுகு மேலே வரும், மூழ்கமாட்டீர்கள். உடல் மிதக்கும் என்பதை மூளைக்கு நிரூபிக்கும் பயிற்சி இது. பிறகு நிலத்தை உதைத்து, இரு கைகளையும் காதோடு ஒட்டி நீட்டி, கை, கால் அடிக்காமல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகின்றீர்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது: கையால் தண்ணீரைப் பிடியுங்கள்

பெரியப்பா சொன்ன "பிடி" என்பதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. தண்ணீரைக் கீழே அழுத்தினால் உடல் மேலே எழும், முன்னே போகாது. நிலத்தில் ஊன்றிய தாங்கு கம்பு அசையாமல் நிற்க, வள்ளம் அதைத் தாண்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கையும் அப்படித்தான். கையை ஓரிடத்தில் ஊன்றி, உடலை அதைத் தாண்டிக் கொண்டுபோகவேண்டும்.

கை, தோளுக்கு நேர் முன்னே தண்ணீருக்குள் போகவேண்டும். தலைக்குக் குறுக்கே மற்றப்பக்கம் போனால் உடல் பாம்பு போல வளையும். உள்ளே போன கையை முன்னே நன்றாக நீட்டுங்கள். பிறகு முழங்கையை உயரத்தில் வைத்தபடியே விரல் நுனிகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். இப்போது உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை ஒரே துடுப்பு. அந்தத் துடுப்பால் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுங்கள். விரல்களை இறுக்கி ஒட்டத் தேவையில்லை. சிறிய இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு கை முன்னே வந்து தண்ணீருக்குள் போகும்வரை மற்றக் கையை இழுக்க அவசரப்படாதீர்கள். முன்னே ஒரு கை எப்போதும் நீண்டிருந்தால் உடல் நீளமாக இருக்கும். நீளமான வள்ளம் நன்றாக ஓடும். கூடவே உடலும் பக்கத்துக்குப் பக்கம் சற்று உருளவேண்டும். தட்டையாகக் கிடந்து கையை மட்டும் வீசினால் பாரமெல்லாம் தோளில் விழும். தோள்வலி அப்படித்தான் வருகின்றது.

பழகும் முறை: இரு கைகளையும் பொத்திப் பிடித்தபடி சிறிது தூரம் நீந்துங்கள். உள்ளங்கை இல்லாதபோது முன்கையால் தண்ணீரைப் பிடிக்க உடல் தானாகப் பழகும். பிறகு கையை விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நான்காவது: காலைச் சிறிதாக அடியுங்கள்

உடலின் பெரிய தசைகள் தொடையில் இருக்கின்றன. அவை ஒக்சிசனை அதிகம் தின்னும். வளர்ந்தவர் பலர் சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடித்து அடிக்கின்றார்கள். நுரை எழும்பும், தூரம் போகாது. அடி இடுப்பிலிருந்து வரவேண்டும். முழங்கால் சற்றே தளர்ந்திருக்கவேண்டும். பாத நுனி பின்னோக்கி நீண்டிருக்கவேண்டும். அடியும் உங்கள் உடலின் நிழலுக்குள்ளேயே இருக்கட்டும். நீண்ட தூரத்துக்கு ஒரு கைவீச்சுக்கு ஒரு காலடி போதும்.

கணுக்கால் விறைப்பு ஓடிப் பழகியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய தடை. வீட்டில் நிலத்தில் இருந்தபடி பாதத்தை முன்னே நீட்டி மடக்கித் தினமும் சில நிமிடம் பழகலாம்.

எண்ணிப் பாருங்கள்

முன்னேற்றத்தை அளக்க மணிக்கூடும் எண்ணிக்கையும் போதும். ஒரே தூரத்தை நீந்தி, கைவீச்சுகளையும் விநாடிகளையும் கூட்டுங்கள். என் முதல் கணக்கு: 38 வீச்சு, 44 விநாடி, கூட்டினால் 82. மூன்று மாதத்தின் பின்: 25 வீச்சு, 36 விநாடி, கூட்டினால் 61. பலம் கூடியதால் இது வரவில்லை. வீணானது குறைந்தது, அவ்வளவுதான். களப்பில் நீரோட்டம் இருப்பதால் போகவும் வரவும் எண்ணிச் சராசரி எடுக்கவேண்டும். உயரமானவருக்கு எண்ணிக்கை குறைவாகவே வரும். மற்றவரோடு ஒப்பிட வேண்டாம், நேற்றைய உங்களோடு ஒப்பிடுங்கள்.

கிழமையில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் நீந்துவதைவிட, மூன்று நாள் அரை மணித்தியாலம் நீந்துவது பயன் தரும். முதல் 5 நிமிடம் குமிழியும் மிதப்பும். அடுத்த 10 நிமிடம் ஒரேயொரு திருத்தம்: இன்று தலை என்றால் தலை மட்டும். பிறகு 10 நிமிடம் மெதுவான நீச்சல், எண்ணிக்கையோடு. கடைசி 5 நிமிடம் மல்லாந்து மிதத்தல். களைத்து உடல் நிலை குழம்பியதும் நிறுத்துங்கள். குழம்பிய நிலையில் தொடர்ந்தால் பிழையைத்தான் பயில்வீர்கள்.

நான் முதலில் பழகிய இடத்தில் "வேகமா, வேகமா" என்ற ஒரு சொல்லைத்தான் அதிகம் கேட்டேன். அந்தச் சொல்லை மறக்க ஓர் ஆண்டு எடுத்தது.

காயம்பட்ட உடல்களுக்கு

நம் வாசகர் பலரின் உடலில் போர் இன்னும் இருக்கின்றது. தண்ணீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால், தரையில் நடக்கச் சிரமப்படுபவரும் நீரில் இலகுவாக இயங்கலாம். ஆனால் சில விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

கால் இழந்தவர்கள், செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நீந்தும்போது உடல் ஒருபக்கம் உருளப் பார்க்கும். இருக்கும் காலை உடலின் நடுக்கோட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து அடித்தால் சமநிலை வரும். புண் முழுமையாக ஆறாமல் களப்பு நீரில் இறங்கக்கூடாது. தோளில் சன்னமோ எறிகணைத் துண்டோ உள்ளவர்கள், கையை மேலால் வீசும் முறையை வைத்தியரிடம் கேட்ட பின்பே பழகவேண்டும். பக்கமாகச் சரிந்து, கையைத் தண்ணீருக்குள்ளேயே இயக்கும் பெரியப்பாவின் முறை பலருக்குப் பொருந்தும். தலைக்காயத்தின் பின் வலிப்பு வருபவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் அருகில் ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது.

மனதின் காயத்துக்கும் இதுவே பொருந்தும். முகம் நனைந்ததும் பழைய நாள் திரும்பி வந்தால் அன்று அத்துடன் நிறுத்துங்கள். அது தோல்வியல்ல. கணுக்கால்வரை நிற்பதும் ஒரு நாளின் பாடம்தான். தனியே தாங்க முடியாவிட்டால் அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம்.

பெண்களின் உடையும் இடமும்

பாவாடையும் தளர்ந்த சல்வாரும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். காலில் சுற்றும் ஆபத்தும் உண்டு. நீச்சல் உடை அணியத் தயங்குபவர்கள் உடலோடு ஒட்டிய, பருத்தியல்லாத முழுக்கை மேற்சட்டையும் லெகிங்ஸும் அணியலாம். உடலும் மறையும், எதிர்ப்பும் குறையும். கூந்தலை இறுக்கக் கட்டித் தொப்பி அணியுங்கள். நான்கைந்து பெண்கள் சேர்ந்து நேரம் கேட்டால் பெண்களுக்கென ஒரு மணித்தியாலம் ஒதுக்கத் தடாக உரிமையாளர் சிலர் சம்மதிக்கின்றனர். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

களப்பிலும் கடலிலும்

தடாகத்தில் பழகியது கடலில் அப்படியே உதவாது. உப்புநீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானதால் உடலை அதிகம் தாங்கும், அது நன்மை. ஆனால் பிடிக்கச் சுவர் இல்லை, அடியில் கோடு இல்லை. திசை பார்க்க ஆறேழு வீச்சுக்கு ஒருதடவை, முதலை பார்ப்பதுபோலக் கண்களை மட்டும் மேலே எடுத்து, கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ பார்த்துவிட்டு முகத்தைத் திரும்ப உள்ளே வைக்கவேண்டும். உண்மையான முதலைகள் உள்ள ஆறும் களப்பும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. எங்கே இறங்கலாம் என்பதை ஊர் மீனவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

முகத்துவாரத்துக்கு நேரே நீந்தக்கூடாது. மழைக்குப் பின் களப்பு நீர் கடலுக்குப் பாயும்போது நல்ல நீச்சற்காரரையும் வெளியே கொண்டுபோகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் தடாகத்தோடு நின்றுகொள்வதே அறிவு.

கடலில் உங்களை வெளிநோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி நேரே நீந்தாதீர்கள். அதில் பலர் களைத்து மூழ்குகின்றனர். முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். பிறகு கரைக்குச் சமாந்தரமாக நீந்தி நீரோட்டத்தை விட்டு வெளியே வந்து, அதன் பின் கரைக்குத் திரும்புங்கள். ஒருபோதும் தனியாக இறங்க வேண்டாம்.

2015 இல் ஏஜியன் கடலில் அகதிகளின் படகு ஒன்றின் இயந்திரம் நின்றபோது, சிரிய நீச்சல் வீராங்கனை யுஸ்ரா மர்தினியும் அவரது சகோதரியும் தண்ணீரில் குதித்து மணிக்கணக்காகப் படகைக் காத்தனர். அடுத்த ஆண்டு யுஸ்ரா றியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக நீந்தினார். போரிலிருந்து தப்பி ஓடும் சனங்களுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

கடைசிப் பாடம் முதலில்

இவற்றில் ஒன்றை மட்டும் பழக நேரமுள்ளவர்கள் மல்லாந்து மிதப்பதைப் பழகுங்கள். தலையைப் பின்னே சாய்த்து, காதுகள் இரண்டும் தண்ணீருக்குள் போகவிட்டு, நாடியை மேலே உயர்த்தி, நெஞ்சை விரித்து, கைகளை அகல விடவேண்டும். கால்கள் சற்றுத் தாழ்ந்தாலும் பரவாயில்லை. வாயும் மூக்கும் மேலே இருந்தால் போதும். கைகளை மெதுவாக அசைத்தால் மிதவை நிலைக்கும்.

போன வருடம் அம்மாவை அந்தக் கம்புகளுக்கு அருகே கூட்டிப்போனேன். கரைக்கு வரவே மூன்று கிழமை, தண்ணீரில் இறங்க இன்னும் இரண்டு கிழமை. பெரியப்பா தலையைத் தாங்க, நான் முதுகைத் தாங்கினேன். காது நனைந்ததும் ஒவ்வொரு தடவையும் துடித்து எழும்பினார். "காது அடைச்சா ஒண்டும் கேக்குதில்ல" என்றார். அன்று அலை வருமுன் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். அந்தக் காதைத் தண்ணீருக்குக் கொடுக்க அவருக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன் அம்மா" என்றேன்.

காதுகள் உள்ளே போயின. பத்து எண்ணும்வரை கிடந்தார். என் கை அவர் முதுகில் பட்டும் படாமலும் இருந்தது. எழும்பி, முகத்தைத் துடைத்து, கம்பைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் போக எத்தின வீச்சு வேணும்?" என்று கேட்டார்.